றிப்போர்ட் நன்றாக வந்த பிறகு: இரத்தக் கொழுப்பும் ஸ்டட்டின் குளிசையும்

“றிப்போட் நல்லா வந்தீக்கி டீச்சர். இனி இந்தக் கொலஸ்ட்ரோல் குளிசை தேவல்லதானே?”

உயிரியல் படிப்பிக்கிறவள் என்பதால், பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையின் புள்ளிகளைப் பற்றிப் பேசி முடித்து எழும்பிப் போகும் நேரத்தில் தாய்மார் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நான் வைத்தியர் அல்ல. யார் எந்த மருந்தை எவ்வளவு குடிக்க வேண்டும் என்று சொல்வது என் வேலையும் அல்ல. ஆனால் அந்தக் குளிசை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பது உயர்தர உயிரியல் படிக்கும் எந்த மாணவிக்கும் விளங்கக்கூடிய விடயம்தான். அது விளங்கினால் மேலே உள்ள கேள்விக்கு விடையும் விளங்கும். வீட்டில் உம்மாவுக்கோ மூத்தம்மாவுக்கோ எடுத்துச் சொல்லவும் முடியும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கொலஸ்ட்ரோல் என்பது நஞ்சு என்ற எண்ணத்தை விட்டுவிடுவோம். நமது ஒவ்வொரு கலத்தின் மென்சவ்விலும் அது இருக்கிறது. பித்த உப்புகள், ஈஸ்திரஜன் போன்ற ஓமோன்கள், விற்றமின் டி ஆகியவை அதிலிருந்தே உண்டாகின்றன. உடம்புக்கு வேண்டிய கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது, குறிப்பாக ஈரல். “நான் இறைச்சியே தின்னுறதில்லையே, எனக்கு எப்பிடி?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சாப்பாட்டிலிருந்து வருவது ஒரு பங்கு, ஈரல் செய்வது பெரிய பங்கு.

கொலஸ்ட்ரோல் ஓர் இலிப்பிட்டு. எண்ணெய் தண்ணீரில் கரையாதது போல் அதுவும் குருதியில் கரையாது. ஆகவே புரதத்தோடு சேர்த்துப் பொதியாகக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். அந்தப் பொதிகளில் ஒன்று எல்.டி.எல்., இன்னொன்று எச்.டி.எல். எல்.டி.எல். பொதிகள் குருதியில் தேவைக்கு மேல் சுற்றித் திரிந்தால் நாடிச் சுவருக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. வருடக்கணக்காகப் படிந்து படிந்து திட்டாகி, ஒருநாள் அந்தத் திட்டு வெடித்து, அதன்மேல் குருதி உறைந்து, இதயத்துக்குப் போகும் முடியுருநாடி அடைபடுகிறது. அதைத்தான் ‘ஹார்ட் அட்டாக்’ என்கிறோம். இந்தப் படிவு நடக்கும் இருபது முப்பது வருடத்தில் வலியோ தலைச்சுற்றோ எதுவும் தெரியாது. இந்த நோயின் பெரிய கெட்டித்தனம் அதுதான்.

இனிக் குளிசைக்கு வருவோம். அரச ஆஸ்பத்திரிகளில் கொலஸ்ட்ரோலுக்கு அதிகம் கொடுக்கப்படும் அட்டோர்வாஸ்டட்டின், அதற்கு முன்னர் பரவலாக இருந்த சிம்வாஸ்டட்டின், கடைகளில் கிடைக்கும் ரொசுவாஸ்டட்டின் எல்லாம் ஒரே குடும்பம். பெயரின் கடைசியிலேயே குடும்பப் பெயர் இருக்கிறது. ஈரல் கலத்துக்குள் கொலஸ்ட்ரோல் உண்டாகும் நீண்ட தொடர்த் தாக்கத்தில் எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்ற நொதியம் ஒரு முக்கியமான படியைச் செய்கிறது. ஸ்டட்டின் போய் அந்த நொதியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உற்பத்தி குறைகிறது.

இத்தோடு பாடம் முடிந்துவிட்டதென்று பல மாணவிகள் நினைக்கிறார்கள். விளையாட்டே இதற்குப் பிறகுதான். நம் மலைநாட்டுக் கணக்கில் சொல்கிறேன். ஒரு தேயிலை ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சொந்த மலையிலிருந்தும் கொழுந்து வருகிறது, வெளியிலிருந்து லொறிகளிலும் கொழுந்து வந்து பாதையில் நிற்கிறது. சொந்த மலைக் கொழுந்தே போதுமென்றால் ஸ்டோர்க்காரர் கேற்றைத் திறக்கமாட்டார். லொறிகள் பாதையை அடைத்துக்கொண்டு வரிசையாக நிற்கும். சொந்த மலையில் கொழுந்து எடுப்பதை நிறுத்திப் பாருங்கள். ஸ்டோர் சும்மா இருக்க முடியாதே! கேற்றுகளை ஒவ்வொன்றாகத் திறந்து லொறிகளை உள்ளே எடுப்பார்கள். பாதை வெளிக்கும்.

ஈரல் கலம்தான் ஸ்டோர். லொறிகள் எல்.டி.எல். பொதிகள். கேற்றுகள், கல மேற்பரப்பில் உள்ள எல்.டி.எல். வாங்கிகள். ஸ்டட்டின் சொந்த உற்பத்தியைக் குறைத்ததும் கலத்துக்குள் கொலஸ்ட்ரோல் தட்டுப்பாடு வருகிறது. கலம் கூடுதலான வாங்கிகளைச் செய்து மேற்பரப்பில் நாட்டுகிறது. அவை குருதியில் திரியும் எல்.டி.எல்லைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. குருதியில் கொழுப்பு இறங்குவது முக்கியமாக இந்த இழுப்பினால்தான். எல்.டி.எல். வாங்கியைக் கண்டுபிடித்து விளக்கிய அமெரிக்கர்களான மைக்கல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

குளிசையை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று இப்போது நீங்களே சொல்வீர்கள். சொந்த மலையில் மறுபடி கொழுந்து எடுக்கத் தொடங்குவார்கள், கேற்றுகள் மூடப்படும், சில வாரங்களுக்குள் பாதையில் லொறிகள் பழையபடி நிற்கும். ஸ்டட்டின், காய்ச்சலுக்குக் கொடுக்கும் அன்டிபயோட்டிக் போல அல்ல. அன்டிபயோட்டிக் பக்றீரியாவைக் கொன்றுவிட்டால் வேலை முடிந்தது. இது தினமும் செய்ய வேண்டிய வேலை. றிப்போர்ட்டில் உள்ள நல்ல எண் உடம்பு குணமானதைக் காட்டவில்லை. குளிசை வேலை செய்கிறது என்பதைக் காட்டுகிறது.

இந்த மருந்து பிறந்த கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஜப்பானின் சங்கியோ கம்பனியில் அகிரா எண்டோ என்றொரு விஞ்ஞானி இருந்தார். 1933இல் அக்கிட்டா மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெனிசிலினைப் பங்கசிலிருந்து எடுத்த கதை அவரை மிகவும் பாதித்திருந்தது. பங்கசுகள் தம்மைத் தாக்கும் நுண்ணங்கிகளை அழிக்க, அவற்றின் கொலஸ்ட்ரோல் உற்பத்தியைத் தடுக்கும் ஏதாவது பொருளையும் செய்யக்கூடும் என்று அவர் எண்ணினார். 1971இல் தொடங்கி இரண்டு வருடத்தில் 6,000க்கு மேற்பட்ட பங்கசு வகைகளைச் சோதித்தார். 1973இல் கியோட்டோ நகரத்துத் தானியக் கடை அரிசியில் வளர்ந்த ஒரு நீலப்பச்சைப் பங்கசில், பெனிசிலியம் சிற்றினம் என்பதில், தேடியது கிடைத்தது. கொம்பாக்டின் என்று அதற்குப் பெயர். எலிகளுக்குக் கொடுத்தபோது கொழுப்பு இறங்கவேயில்லை. வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். எண்டோ முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். முட்டையில் கொலஸ்ட்ரோல் கூட இருப்பதால் கோழியின் குருதியிலும் அது கூடத்தானே இருக்கும் என்ற எளிமையான யோசனை. கோழிகளில் இறங்கியது.

1978இல் ஒசாக்காவில் வைத்தியர் அகிரா யமமோட்டோ இதை முதன்முதலாகக் கொடுத்த நோயாளி 18 வயது யுவதி ஒருவர். இதை வாசிக்கும் உங்களில் பலரின் வயது. பரம்பரையாக வரும் கடுமையான கொழுப்பு நோய் அவருக்கு. கொழுப்பு இறங்கியது, ஆனால் தசைகள் தளர்ந்தன. அளவு அதிகம் என்று விளங்கி, மற்ற நோயாளிகளுக்குக் குறைந்த அளவில் கொடுத்தார்கள். கொம்பாக்டின் கடைசியில் சந்தைக்கு வரவில்லை. அதன் நெருங்கிய உறவான லோவாஸ்டட்டினை மேர்க் கம்பனி வேறொரு பங்கசில் கண்டெடுத்து, 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எண்டோ 2024இல் தமது 90ஆவது வயதில் காலமானார். உலகில் கோடிக்கணக்கானோர் குடிக்கும் மருந்தின் தொடக்கத்தில் நின்ற மனிதருக்கு நோபல் பரிசு கிடைக்காமல் போனது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது எண்களுக்கு வருவோம். பிறர் றிப்போர்ட்டைப் போடுவதைவிட என் வாப்பாவுடையதையே போடுகிறேன். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். 56 வயதில் முதல் தாக்கம் வந்தது. அப்போது மொத்தக் கொலஸ்ட்ரோல் 248, முக்கிளிசரைட்டு 190, எச்.டி.எல். 38, எல்.டி.எல். 172. எல்லாம் ஒரு டெசிலீற்றர் குருதியில் மில்லிகிராம் கணக்கில். தினமும் 40 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டட்டின் எழுதினார்கள். மூன்று மாதத்தில் மொத்தம் 160, முக்கிளிசரைட்டு 150, எச்.டி.எல். 40, எல்.டி.எல். 90.

ஸ்டட்டின் எதை எவ்வளவு மாற்றும் என்பதை இந்த இரண்டு றிப்போர்ட்டிலும் பார்க்கலாம். பெரிய இறக்கம் எல்.டி.எல்லில்: 172இலிருந்து 90, அதாவது கிட்டத்தட்ட 48 வீதம். 40 மில்லிகிராமுக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவுதான் அது. முக்கிளிசரைட்டு ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. எச்.டி.எல். ஏறியது வெறும் இரண்டு. ‘நல்ல கொலஸ்ட்ரோல்’ கூடவில்லையே என்று கவலைப்படுபவர்கள் கவனிக்கவும், ஸ்டட்டின் அதை அதிகம் கூட்டுகிற மருந்து அல்ல. இன்னொரு விசித்திரமும் உண்டு. அளவை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது. ஒவ்வொரு தடவை இரட்டிப்பாக்கும்போதும் எல்.டி.எல். மேலும் சுமார் 6 வீதம்தான் இறங்கும். முதல் 10 மில்லிகிராமே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே “ஒண்டுக்கு ரெண்டாக் குடிச்சா கெதியா குறையும்” என்பது நடக்காத காரியம். கூடுவது பக்கவிளைவு மட்டும்.

றிப்போர்ட்டின் ஓரத்தில் ‘எல்.டி.எல். 100க்குக் கீழ் இருப்பது நல்லது’ என்று அச்சிட்டிருந்தது. வாப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. “ஒண்ணும் இல்லையே, சும்மா எதுக்கு மருந்து” என்று நிறுத்திவிட்டார். வீட்டில் எல்லாரும் எடுத்துச் சொன்னோம், கேட்கவில்லை. அந்த அச்சிட்ட எண் பொதுவான ஆளுக்குரியது. ஏற்கெனவே ஒரு தாக்கம் வந்தவருக்கு 70க்குக் கீழே, முடிந்தால் அதைவிடக் கீழே கொண்டுபோகத்தான் இதய வைத்தியர்கள் பார்க்கிறார்கள். அதற்கு ஸ்டட்டின் போதாவிட்டால், குடலில் கொலஸ்ட்ரோல் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் என்ற குளிசையையும் சேர்ப்பார்கள். ஆக, ‘நல்ல’ றிப்போர்ட் என்று வாப்பா நினைத்தது அவருடைய நிலைக்கு இன்னும் குறைக்கவேண்டிய றிப்போர்ட். நிறுத்திச் சில மாதம் கழித்து என் நச்சரிப்புத் தாங்காமல் சோதித்தபோது எல்.டி.எல். 168. லொறிகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அதே வருடக் கடைசியில் இரண்டாவது தாக்கம் வந்தது. அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார். ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி செத்துவிட்டது. கடைக்கு ஏறும் பதினெட்டுப் படிகளை அவரால் இப்போது ஏற முடியாது. கடையைத் தம்பிதான் பார்க்கிறான்.

குளிசையை நிறுத்தியதால்தான் அந்தத் தாக்கம் வந்தது என்று சொல்லிவிட முடியுமா? ஒருவரின் கதையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. குடித்துக்கொண்டிருந்தாலும் வந்திருக்கலாம். இதனால்தான் விஞ்ஞானம் ஆயிரக்கணக்கானோரை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. 1994இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நோர்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 4,444 இதய நோயாளிகள் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்குச் சிம்வாஸ்டட்டின், மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத குளிசை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. ஐந்து வருடத்துக்குச் சற்று மேல் பார்த்தார்கள். வெறும் குளிசை குடித்தவர்களில் 256 பேர் மரணித்திருந்தார்கள். மருந்து குடித்தவர்களில் 182 பேர். கொழுப்பைக் குறைப்பது உயிரையும் காக்குமா என்று அதுவரை சந்தேகப்பட்ட பல வைத்தியர்கள் இதற்குப் பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பின் நடந்த பல ஆய்வுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், எல்.டி.எல். 39 மில்லிகிராம் குறையும் ஒவ்வொரு தடவையும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய தாக்கங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. வாப்பாவுக்குக் குறைந்தது 82, அதாவது இரண்டு 39. அவரைப் போன்ற நிலையில் உள்ள பலரில் 100 தாக்கம் வரவிருந்தால், முதல் 39க்கு அது 80 ஆகும். அந்த 80இல் ஐந்தில் ஒன்று போனால் 64. மிச்சம் 64 வரத்தான் செய்யும். மருந்து ஒரு மந்திரம் அல்ல என்பதையும், 36ஐ யாரும் சும்மா விட்டுவிடக்கூடாது என்பதையும் இந்தக் கணக்கு சேர்த்தே காட்டுகிறது.

நிறுத்துவதற்கு நல்ல றிப்போர்ட் மட்டும் காரணம் அல்ல. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா வேறு காரணம் சொன்னார். “காலு ரெண்டும் வலிக்குது டீச்சர், மலை ஏற முடியல. அந்தக் குளிசையாலதான்னு எல்லாரும் சொல்றாங்க. நிப்பாட்டிட்டேன்.” ஸ்டட்டினால் தசை வலி வரலாம் என்பது உண்மை. ஆனால் செங்குத்தான மலையில் கூடையைச் சுமந்துகொண்டு காலை முதல் மாலை வரை நிற்பவருக்குக் குளிசை இல்லாமலும் கால் வலிக்குமே! இதைப் பிரித்தறிவது எப்படி? இலண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியிருந்த 60 பேரை எடுத்தார்கள். ஒரு வருட காலத்தில் சில மாதங்கள் ஸ்டட்டின், சில மாதங்கள் வெறும் குளிசை, சில மாதங்கள் ஒன்றுமே இல்லை. தினமும் தமது வேதனைக்கு அவர்களே புள்ளி போட்டார்கள். ஸ்டட்டின் குடித்த மாதங்களில் கூடிய வேதனையில் 90 வீதம், மருந்தே இல்லாத வெறும் குளிசை குடித்த மாதங்களிலும் கூடியிருந்தது.

அந்த அக்காவின் வலி பொய் என்று இதற்கு அர்த்தமல்ல. வலி மெய்யான வலிதான். அதற்குக் காரணம் பெரும்பாலும் குளிசைக்குள் இருக்கும் இரசாயனம் அல்ல என்பதே கண்டது. நான் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: நீங்களாக நிறுத்தாமல், வலியைக் கிளினிக்கில் சொல்லுங்கள். இரத்தத்தில் தசை நொதியத்தைச் சோதிப்பார்கள், அளவைக் குறைப்பார்கள், வேறு ஸ்டட்டினுக்கு மாற்றுவார்கள். வழி பல இருக்கிறது. மிக அரிதாக வரும் ஓர் ஆபத்தை மட்டும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். தசை கடுமையாக வலித்துத் தளர்ந்து, சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனால், தசை உடைந்து அதன் நிறப்பொருள் சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தம். அன்றே குளிசையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இருமலுக்குக் கொடுக்கும் கிளரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற சில அன்டிபயோட்டிக்குகள் சிம்வாஸ்டட்டினையும் அட்டோர்வாஸ்டட்டினையும் உடம்பில் தேங்கச் செய்து இந்த ஆபத்தைக் கூட்டும். நுவரெலியாக் குளிரில் இருமல் இல்லாத வீடு எது? தனியார் டிஸ்பென்சரிக்குப் போனாலும் “நான் கொலஸ்ட்ரோல் குளிசை குடிக்கிறேன்” என்று முதலில் சொல்லப் பழகுங்கள்.

சீனி வருத்தம் வருமாமே என்றும் கேட்கிறார்கள். ஏற்கெனவே சீனி எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு ஸ்டட்டின் அதைச் சற்றுக் கூட்டலாம். இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரியது என்பதால்தான் சீனி வருத்தக்காரர்களுக்கும் இதை எழுதுகிறார்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல், கிளினிக் நாள். பஸ் ஏறி டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ போய் வரிசையில் நின்று மருந்து எடுத்து வந்தால் அன்றைய பேர் போய்விடும். மருந்து இலவசம்தான், நாள் இலவசம் அல்ல. ஒரு மாதத்துக் குளிசையை ஒன்றுவிட்ட ஒருநாள் குடித்து இரண்டு மாதம் ஓட்டுபவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2022 பொருளாதார நெருக்கடியில் அரச ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் வெளியே வாங்கச் சொன்ன காலத்தில் பலர் அப்படித்தான் செய்தார்கள். தூரம்தான் பிரச்சினை என்றால் அதைக் கிளினிக்கில் சொல்லிக் கேளுங்கள். அருகிலுள்ள சிறிய ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்க முடியுமா, இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத் தருவார்களா என்று கேட்பதில் வெட்கமில்லை.

வெளியே வாங்கும்போது ஒரு மயக்கம் வருகிறது. ஆஸ்பத்திரியில் தந்த உறையில் ‘அட்டோர்வாஸ்டட்டின்’ என்றிருக்கும். பாமசியில் வாங்கிய பெட்டியில் கம்பனி வைத்த வேறொரு பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் குடித்துவந்த ஒரு மூதாட்டியைக் கண்டிருக்கிறேன். பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பொதுப் பெயரைத் தேடி வாசிக்க வேண்டும். மருந்தை அதன் பொதுப் பெயரால் எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று இந்த நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. பேராதனையில் மருந்தியல் படிப்பித்தவர். 1971இல் உருவான அரச மருந்தகக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். மூன்றாம் உலக நாடுகள் கம்பனிப் பெயருக்காக அநியாய விலை கொடுக்கக்கூடாது என்றார். 1977இல் கயானா நாட்டில் காலமானார். நம் பிள்ளைகளுக்கு அவருடைய பெயர் தெரியாதது கவலையாக இருக்கிறது. உம்மாவின் மருந்துப் பெட்டியில் பொதுப் பெயரைத் தேடி வாசிக்கும் மாணவி அவருடைய பாடத்தைத்தான் படிக்கிறாள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், கூட்டங்களில் எல்லோரும் சொல்வதுதான். தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை, உண்மை. ஆனால் அதில் உள்ள நிரம்பிய கொழுப்பு எல்.டி.எல்லைக் கூட்டும். கோதுமை மா ரொட்டியும் சீனி கூடப் போட்ட தேத்தண்ணியும் கூட்டுவது முக்கியமாக முக்கிளிசரைட்டை. தேத்தண்ணியில் குற்றமில்லை, சீனியிலும் டின் பாலிலும்தான். வெள்ளைப்பூடு தின்றால் குளிசை வேண்டாம் என்பவர்களுக்கு, பூடு தரும் இறக்கம் மிகச் சிறியது, ஸ்டட்டினோடு ஒப்பிட முடியாதது. சாப்பாட்டைத் திருத்துவது குளிசையோடு சேர்த்துச் செய்யவேண்டிய வேலை. அதற்குப் பதிலான வேலை அல்ல.

மாணவியருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விடயம் பரம்பரை. எல்.டி.எல். வாங்கியின் பரம்பரை அலகில் பிழை இருந்தால், என்ன சாப்பிட்டாலும் சிறு வயது முதலே எல்.டி.எல். கூடியிருக்கும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து அந்த அலகு வந்தவர்கள் உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் என்று கணக்கிடுகிறார்கள். இருவரிடமிருந்தும் வந்தால் அது அந்த ஜப்பான் யுவதிக்கு இருந்தது போன்ற கடுமையான நோய். பெற்றோர் இருவரும் அந்த அலகைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, நீங்கள் படித்த மெண்டலின் கணக்குத்தான். சொந்தத்துக்குள் கலியாணம் முடிக்கும் குடும்பங்களில் இருவரும் ஒரே அலகைச் சுமக்கும் வாய்ப்புக் கூட. வீட்டில் ஓர் ஆண் 55 வயதுக்கு முன்னரோ ஒரு பெண் 65 வயதுக்கு முன்னரோ மாரடைப்புக்கு ஆளாகியிருந்தால், குதிக்கால் நரம்பிலோ விரல் மூட்டிலோ கொழுப்புக் கட்டிகள் இருந்தால், பிள்ளைகளின் குருதியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. வாப்பாவுக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். தம்பிக்குக் கூட இருந்தது.

இளம் பெண்களுக்கு இன்னொன்று. வயிற்றில் வளரும் பிள்ளைக்குக் கொலஸ்ட்ரோல் மிகவும் தேவை. அதனால் கர்ப்பம் தரித்தவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் பெரும்பாலும் ஸ்டட்டினை நிறுத்திவைப்பார்கள். பிள்ளை பெற எண்ணும்போதே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

நோன்பு காலத்தில் என்ன செய்வது என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். ஸ்டட்டின் நாளுக்கு ஒருமுறை குடிக்கும் மருந்து, எனவே நோன்பு அதற்குத் தடையே இல்லை. ஈரல் கொலஸ்ட்ரோலைக் கூடுதலாகச் செய்வது இரவில். சிம்வாஸ்டட்டின் சில மணித்தியாலங்களே உடம்பில் நிற்பதால் அதை இரவில் குடிக்கச் சொல்கிறார்கள். அட்டோர்வாஸ்டட்டின் நெடுநேரம் நிற்கும். நோன்பு திறந்த பிறகோ சஹரிலோ, தினமும் ஒரே நேரத்தில் குடித்தால் சரி. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் சேர்த்து மருந்து குடிப்பவர்கள் மட்டும் நோன்புக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கணக்கில் ஆர்வமுள்ள மாணவியருக்கு ஒரு வேலை. பல ஆய்வுகூடங்களில் எல்.டி.எல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் பார்த்தே எழுதுகிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ரோலிலிருந்து எச்.டி.எல்லைக் கழியுங்கள். பிறகு முக்கிளிசரைட்டை ஐந்தால் வகுத்து அதையும் கழியுங்கள். மிஞ்சுவது எல்.டி.எல். 1972இல் பிரீட்வால்ட் என்பவர் தந்த வாய்பாடு இது. வாப்பாவின் முதல் றிப்போர்ட்டைப் பாருங்கள்: 248இலிருந்து 38 போனால் 210. 190ஐ ஐந்தால் வகுத்தால் 38. 210இலிருந்து 38 போனால் 172. இரண்டாவது றிப்போர்ட்டை நீங்களே செய்து 90 வருகிறதா என்று பாருங்கள். பிறகு வீட்டில் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருக்கும் பழைய றிப்போர்ட்டுகளை எடுத்துத் திகதி வரிசைப்படி எழுதிப் பாருங்கள். முக்கிளிசரைட்டு 400க்கு மேல் இருக்கும் றிப்போர்ட்டில் இந்த வாய்பாடு சரிவராது. அதை மட்டும் விட்டுவிடுங்கள்.